நீதிபதிக்காக வாசிக்கும் வேலை: லா கிளார்க் ஆக நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சுப்ரீம் கோர்ட்டில் லா கிளார்க் வேலை கிடைத்த அன்று ஊருக்குப் போன் செய்தேன். அத்தை கேட்ட முதல் கேள்வி: "அஞ்சு வருசம் படிச்சிட்டு குமாஸ்தா வேலைக்காடா போற?"

அத்தை மேல் தப்பில்லை. நம் ஊரில் கிளார்க் என்றால் குமாஸ்தாதான். வக்கீல் ஆபீசில் கேஸ் கட்டுகளை அடுக்கி, வாய்தா தேதியை டைரியில் குறித்து, ஸ்டாம்ப் ஒட்டி, ஃபைலிங் கவுண்டரில் நிற்பவர் வக்கீல் குமாஸ்தா. கோர்ட் ஹாலில் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குகளைக் கூப்பிடுபவர் பெஞ்ச் கிளார்க். லா கிளார்க் இந்த இரண்டு பேரும் இல்லை. சட்டம் படித்து முடித்த கையோடு ஒரு நீதிபதியின் அலுவலகத்தில் ஓராண்டு போலச் சேர்ந்து, அவருக்காகக் கட்டுகளை வாசித்து, குறிப்பு எழுதி, பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பவர். நிரந்தரப் பணி இல்லை, பென்ஷன் இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

இந்த வழக்கம் அமெரிக்காவில் முளைத்தது. 1882-இல் ஹொரேஸ் கிரே என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி, சட்டம் படித்து வெளியே வந்த இளைஞர் ஒருவரைத் தன் சொந்தக் காசில் சம்பளம் கொடுத்து உதவிக்கு வைத்துக்கொண்டார். இன்று நம் சுப்ரீம் கோர்ட்டும் பல உயர் நீதிமன்றங்களும் முறையாக அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கின்றன. எனக்குத் தெரிந்த சுப்ரீம் கோர்ட்டை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்லப் போகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் வரும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

முதல் படி: எங்கே, எப்போது விண்ணப்பிப்பது

சுப்ரீம் கோர்ட்டில் இந்தப் பணிக்கு முழுப் பெயர் 'லா கிளார்க் கம் ரிசர்ச் அசோசியேட்'. 2025-26ஆம் ஆண்டுக்குச் சுமார் 90 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஜனவரி நடுவில் விண்ணப்பம் திறந்து பிப்ரவரி 7-இல் மூடினார்கள். தேர்வு மார்ச் 9-ஆம் தேதி நடந்தது. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், வயது 20-லிருந்து 32-க்குள், மாதச் சம்பளம் 80,000. ஆண்டுக்கு ஆண்டு இந்த எண்கள் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைச் சுப்ரீம் கோர்ட்டின் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள். வேலைவாய்ப்புச் செய்தி போடும் யூடியூப் சேனலை நம்ப வேண்டாம்.

பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் இருந்தால் போதும். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் சரி, பட்டம் முடித்துப் படிக்கும் மூன்றாண்டுப் படிப்பும் சரி. கடைசி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பணியில் சேரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு கல்லூரிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறிவிப்பில் அப்படி எந்த வரியும் இல்லை. அந்தப் பேச்சை நம்பி அரசு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே வேலைக்கு 'ரிசர்ச் லா அசிஸ்டென்ட்' என்று பெயர். சென்னை, மதுரைக் கிளை இரண்டுக்கும் சேர்த்து எடுப்பார்கள். 2025 அறிவிப்பில் சம்பளம் 30,000 ரூபாய்தான், டெல்லித் தொகையில் பாதிகூட இல்லை. ஆனால் தமிழ்நாட்டிலேயே வக்கீலாகத் தொழில் செய்யப் போகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பின்னால் நீங்கள் நிற்கப் போகும் அதே கோர்ட்டின் உள்பக்கத்தை ஓராண்டு பார்த்துவிடுவீர்கள். எந்த வகை மனு எதற்காக முதல் நாளே தள்ளுபடி ஆகிறது என்பது அதற்குள் கைவந்துவிடும்.

இரண்டாம் படி: தேர்வு

சுப்ரீம் கோர்ட் தேர்வு மூன்று கட்டம். கொள்குறி வினா, விரிவாக எழுதும் தாள், கடைசியில் நேர்காணல். முதல் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். சென்னையிலேயே எழுதலாம்.

கொள்குறிக்கு நான் தனியாகப் படிக்கவில்லை. கல்லூரிப் பாடமும், கடந்த ஓராண்டில் வந்த அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புகளும் போதுமாக இருந்தன. ஆளைக் கழிப்பது இரண்டாம் தாள்தான். ஒரு வழக்கின் ஆவணங்களைக் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொல்வார்கள், ஒரு சட்டக் கேள்வியைக் கொடுத்து ஆராய்ச்சிக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். கல்லூரியில் நாம் பழகியது வேறு. பத்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து பக்கம் நிரப்பி, அடிக்கோடு போட்டு, தெரிந்த வழக்குப் பெயரையெல்லாம் கொட்டுவோம். இங்கே நீளமாக எழுதினால் மதிப்பெண் ஏறாது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். சுப்ரீம் கோர்ட் தளத்தில் இருபது, இருபத்தைந்து பக்கத் தீர்ப்பு ஒன்றை எடுங்கள். முடிவுரைப் பகுதியை மடித்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் படித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யார், யாரிடம், என்ன கேட்கிறார், கீழே என்ன நடந்தது, இரு தரப்பும் என்ன சொல்கிறது, முடிவு செய்ய வேண்டிய கேள்வி எது. அப்புறம் மடித்ததைத் திறந்து, நீதிபதி எழுதிய கேள்வியோடு உங்கள் கேள்வி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் பத்துத் தீர்ப்புக்கு ஒத்துப்போகாது. முப்பது தாண்டும்போது பிடிபட ஆரம்பிக்கும்.

நேர்காணலில் சட்டக் கேள்வியைவிட உங்கள் விண்ணப்பத்தில் நீங்களே எழுதியவற்றைப் பிடித்துத்தான் அதிகம் கேட்பார்கள். ஒரு கட்டுரை எழுதியதாகப் போட்டிருந்தால், அதற்கு எதிர்வாதம் என்ன என்று யோசித்துவிட்டுப் போங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். பின்னால் நீங்கள் செய்யப் போகும் வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது.

மூன்றாம் படி: சேம்பரில் முதல் வாரம்

நீதிபதியின் அலுவலகத்தில் உங்களுக்கு முன்பே பலர் இருப்பார்கள். டிக்டேஷன் எடுக்கும் ஸ்டெனோக்கள், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் தனிச் செயலர், கட்டுகளைத் தூக்கி வரும் உதவியாளர்கள். சென்னையில் என்றால் நீதிபதிக்கு முன்னால் கோல் பிடித்து நடக்கும் டபேதார். இவர்கள் பல நீதிபதிகளைப் பார்த்தவர்கள், நீங்கள் ஓராண்டில் போகிறவர். எந்த நேரத்தில் அறைக்குள் போகலாம், எதை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், எதைத் திரையில் காட்டினால் போதும், எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இவர்களிடம்தான் தெரியும். பட்டதாரித் தோரணையை வாசலிலேயே விட்டுவிட்டு, "அண்ணே, இத எப்படிக் கொடுக்கணும்?" என்று கேட்டவர்கள் முதல் மாதத்தைச் சுலபமாகக் கடந்துவிட்டார்கள்.

வாரத்தின் ஓட்டத்தையும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். சுப்ரீம் கோர்ட்டில் திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களின் நாள் என்பது நெடுநாள் வழக்கம். ஒரு அமர்வு முன் அறுபது மனு வரை வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் நோட்டீஸ் அனுப்புவதா, தள்ளுபடியா என்று முடிவாகிவிடும். நடு நாட்களில் நீண்ட விசாரணைகள். ஆகவே லா கிளார்க்கின் உண்மையான வாரம் கோர்ட் நடக்காத நேரத்தில்தான் நடக்கிறது. திங்கட்கிழமைக் கட்டுகளைச் சனி, ஞாயிறில் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை நான் ஓராண்டுக்கு மறந்திருந்தேன்.

உயர் நீதிமன்றத்தில் கணக்கு வேறு. அங்கே ரோஸ்டர், அதாவது எந்த நீதிபதிக்கு எந்த வகை வழக்கு என்ற பட்டியல், மாறும். மூன்று மாதம் கிரிமினல் ஓ.பி., அதில் முழுக்க ஜாமீனும் எஃப்.ஐ.ஆர். ரத்தும். அடுத்து திடீரென்று வரி வழக்குகள். நேற்று வரை தெரியாத சட்டத்தை இந்த வாரம் படித்தாக வேண்டும். சலிப்பு வராது என்பது மட்டும் நிச்சயம்.

நான்காம் படி: நோட் எழுதுவது

நோட் என்பது கட்டைப் படித்து நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பு. இந்த வேலையின் உயிர் இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் நன்றாகச் செய்தாலும் நல்ல லா கிளார்க் என்று பெயர் வாங்கிவிடலாம்.

சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு மனுவுக்கு நான் எழுதிய நோட்டில் "மேல்முறையீட்டில் ஏற்பட்ட தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்துவிட்டது" என்று ஒரு வரி. நீதிபதி பேனாவை அந்த வரியில் வைத்து ஒரே வார்த்தை கேட்டார்: "பக்கம்?" என்னிடம் பக்க எண் இல்லை. அவர் முன்னாலேயே கட்டைப் புரட்டினேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்ட மனு இருந்தது, அதன் மேல் உத்தரவு எதுவும் இல்லை. மனுதாரரின் வக்கீல் தன் சுருக்கத்தில் எழுதியிருந்ததை நான் அப்படியே உத்தரவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் திட்டவில்லை. கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். அதற்குப் பிறகு பக்க எண் இல்லாமல் ஒரு வரியும் நான் எழுதியதில்லை.

சிறப்பு அனுமதி மனுவின் (உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் போடும் மனு) பேப்பர் புக், அதாவது கட்டு, எப்படி இருக்கும் என்று சொன்னால் நான் எங்கே வழுக்கினேன் என்று புரியும். முன்னால் ரெஜிஸ்ட்ரியின், அதாவது கோர்ட் பதிவகத்தின், அலுவலகக் குறிப்பு. அப்புறம் பி, சி, டி என்று எண்ணுக்குப் பதில் எழுத்திட்ட பக்கங்கள். இது மனுதாரரின் வக்கீல் எழுதிய வழக்குச் சுருக்கமும் தேதிப் பட்டியலும். அப்புறம் எதிர்த்து வந்திருக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, மனு, இணைப்புகள். எழுத்திட்ட பக்கங்கள் படிக்க ரொம்ப சுகமாக இருக்கும், ஏனென்றால் அவை நம்மைத் தன் பக்கம் இழுப்பதற்காகவே எழுதப்பட்டவை. அங்கிருந்து தொடங்கினால் மனுதாரரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டே மீதியையும் படிப்பீர்கள்.

நான் பின்னால் பழகிக்கொண்ட வரிசை இது. முதலில் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கம்: என்ன உத்தரவு, எந்தக் காரணத்துக்கு. அடுத்து அலுவலகக் குறிப்பு: தாமதம் உண்டா, குறைபாடு உண்டா. உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 90 நாளுக்குள் மனு வந்திருக்க வேண்டும், மிஞ்சினால் காரணம் என்ன, அது நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக உயர் நீதிமன்றத் தீர்ப்பை முதலிலிருந்து முழுதாக. நான்காவதாக விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு. இதற்கெல்லாம் பிறகுதான் வக்கீலின் சுருக்கமும் மனுவில் உள்ள காரணங்களும். இந்த வரிசையில் படித்தால், மனுவில் எது விடுபட்டிருக்கிறது என்பது தானாகக் கண்ணில் குத்தும்.

நோட் எப்படி முடியும் என்பதற்கு ஒரு மாதிரி. வழக்கு நான் கட்டியது, எண்களும் கற்பனை. ஆங்கிலத்தில் எழுதுவதை இங்கே தமிழில் தருகிறேன்:

*மனுதாரர் வாதி. நிலத்தை மீட்டுத் தரக் கேட்ட வழக்கு. விசாரணை நீதிமன்றம்: வாதிக்கு ஆதரவு (பக். 64). முதல் மேல்முறையீடு: எதிர் (பக். 81). இரண்டாம் மேல்முறையீடு: தள்ளுபடி (பக். 22). தாமதம் 41 நாள், காரணம் மனுதாரரின் உடல்நிலை (பக். 112), மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை.*

*கேள்வி: 1971ஆம் ஆண்டு ஆவணம் (ஏ-1, பக். 90) அடமானமா, குத்தகையா.*

*மனுதாரர்: அடமானம்; மீட்க 30 ஆண்டுக் காலவரம்பு, அதற்குள் வழக்கு. எதிர்த்தரப்பு: குத்தகை, வழக்கு தாங்காது.*

*கவனத்துக்கு: உயர் நீதிமன்றம் சட்டக் கேள்வி எதையும் வகுக்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது (பக். 15 முதல் 22). உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 100. இந்தக் காரணம் மனுவில் எடுக்கப்படவில்லை.*

கடைசி வரியைப் பாருங்கள். வக்கீல் எழுப்பாத ஒன்றை நோட் சொல்கிறது. ஆனால் "ஆகவே அனுமதிக்கலாம்" என்று நீங்களாக எழுதக் கூடாது. சில நீதிபதிகள் உங்கள் கருத்தைக் கேட்பார்கள், அப்போது தனிக் காகிதத்தில் கொடுங்கள். கேட்காதவருக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கற்பனை வழக்கை வேண்டுமென்றேதான் எடுத்தேன். தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் போகும் சொத்து வழக்குகளில் மூல ஆவணம் தமிழில் இருக்கும், நீதிபதியிடம் போவது ஆங்கில மொழிபெயர்ப்பு. போக்கியம் என்ற சொல்லை 'லீஸ்' என்று மாற்றிவிட்டால், அனுபவ பாத்தியதையோடு கூடிய அடமானம் ஒரே நொடியில் குத்தகை ஆகிவிடும், காலவரம்பே மாறிவிடும். சுவாதீனம் என்பதை 'ஓனர்ஷிப்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அனுபவத்தில் இருந்தவர் காகிதத்தில் சொந்தக்காரர் ஆகிவிட்டார். டெல்லியில் ஒரு தமிழ்ப் பிள்ளை லா கிளார்க்காக இருப்பதன் பெரிய லாபம் இதுதான். பக்கத்து அறைக்காரர்கள்கூட "இந்தத் தமிழ்ப் பத்திரத்தைக் கொஞ்சம் பாரேன்" என்று வருவார்கள். வெட்டிப் பெருமை இல்லை, பத்திர எழுத்தரின் தமிழ் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் குறைவு.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊர் சிவில் கோர்ட்டுகளில் வாதியின் ஆவணம் ஏ-1, பிரதிவாதியின் ஆவணம் பி-1 என்று போகும். வடக்கே பல இடங்களில் சாட்சியின் எண்ணோடு சேர்த்து ஆவணத்துக்குக் குறியிடுவார்கள். முதல் மாதம் இது தலையைச் சுற்றும். பழகிவிடும்.

ஐந்தாம் படி: தீர்ப்பு தேடுவது

தேடுவதற்குக் கருவிக்குப் பஞ்சமில்லை. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் சேம்பரில் கிடைக்கும். இலவசமாக வேண்டும் என்றால் சுப்ரீம் கோர்ட்டே 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். இருக்கிறது. இந்தியன் கானூன் தேட வசதி, ஆனால் அங்கிருந்து பத்தி எண்ணை மட்டும் எடுத்து நோட்டில் போடாதீர்கள். அச்சு இதழில் உள்ள பத்தி எண்ணோடு பல நேரம் பொருந்தாது. சென்னையில் 1891 முதல் வரும் மெட்ராஸ் லா ஜர்னலை வைத்து வாதாடும் சீனியர்கள் இன்னும் உண்டு, நூலகம் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு கிடைப்பது எளிது. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நிஜ உதாரணம்.

குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளுக்குள் வராவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். வக்கீல்கள் ஸ்டாச்சுட்டரி பெயில் என்பார்கள். கேள்வி ரொம்பச் சின்னது: ரிமாண்ட் செய்த, அதாவது கோர்ட் காவலில் வைக்கச் சொன்ன, அந்த முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? 1986-இல் சாகந்தி சத்தியநாராயணா வழக்கில் சேர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1995-இல் ரஸ்தம் வழக்கில் விட வேண்டும் என்றது. இரண்டுமே இரண்டு நீதிபதி அமர்வு. கால் நூற்றாண்டுக்கு மேல் இரண்டு தரப்பு வக்கீல்களும் தங்களுக்குப் பிடித்ததைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2023 மார்ச்சில்தான் மூன்று நீதிபதி அமர்வு ஒன்று, அமலாக்கத் துறை தொடர்ந்த வழக்கில், ரிமாண்ட் நாளும் சேரும் என்று முடித்து வைத்தது. இன்று ஒரு கிளார்க் ரஸ்தமை மட்டும் தேடிக் கண்டுபிடித்து நோட்டில் வைத்தால், அந்தத் தீர்ப்பு அசல்தான், மேற்கோள் அசல்தான், நோட் மட்டும் தப்பு. ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு மனிதர் உள்ளே இருப்பதா வெளியே வருவதா என்பது தொங்குகிறது.

சில வழக்கில் நாள்கூட இல்லை, மணிதான் கேள்வி. சென்னையிலிருந்து சுப்ரீம் கோர்ட் போய் 2020 அக்டோபரில் தீர்ப்பான போதைப்பொருள் வழக்கு ஒன்றில் (அங்கே வரம்பு 180 நாள்), அது முடிந்த மறுநாள் காலை 10.30-க்கு ஜாமீன் மனு தாக்கல், மாலை 4.25-க்கு வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் புகார் (குற்றப்பத்திரிகைக்கு ஈடானது) தாக்கல். காலையிலேயே உரிமையைக் கேட்டுவிட்டார், மாலையில் வந்த காகிதம் அதைப் பறிக்க முடியாது என்று மூன்று நீதிபதிகள், உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஜாமீனைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆக, தாக்கல் முத்திரையில் நேரம் இருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு ஒரு புதுக் குழி வேறு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆர். ரத்து. அதற்குப் பதிலாக அன்று அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து அங்கே 528-க்குப் போய்விட்டது. மனுவில் வெறும் "482" என்று இருந்தால் எந்தச் சட்டத்தின் 482 என்று பார்க்காமல் ஒரு எழுத்து எழுதாதீர்கள்.

சாட்பாட் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்காவில், மிசிசிப்பியில் உள்ள ஃபெடரல் நீதிபதி ஒருவர் 2025-இல் தன் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. வரைவு எழுத அவருடைய லா கிளார்க் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருக்கிறார், பிழைகளோடு அது வெளியே போய்விட்டது. கேரள உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில், மாவட்ட நீதிமன்றங்களில் முடிவெடுக்க இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே வெளியிட்டது. என் பார்வையில் கேள்வி பழைய கேள்விதான். பக்கம்? கருவி சொல்லும் வழக்குக்குப் பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தால் சரி, முடியாவிட்டால் அது நோட்டில் வரக் கூடாது. இன்னும் தீர்ப்பாகாத வழக்கின் காகிதங்களை வெளிக் கருவி எதிலும் ஏற்றவே கூடாது, அது தனி விஷயம்.

ஆறாம் படி: தீர்ப்பு வரைவில் உங்கள் பங்கு

சில நீதிபதிகள் முழுக்க டிக்டேஷன். சிலர் வழக்கின் விவரப் பகுதியை மட்டும் உங்களை எழுதச் சொல்வார்கள். காரணமும் முடிவும் நீதிபதியுடையவை. வெளியே வந்து "அந்தத் தீர்ப்பு நான் எழுதினது" என்று சொல்லித் திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னது பொய் என்றால் ஒரு தப்பு, உண்மை என்றால் இரண்டு தப்பு.

கிட்டத்தட்ட எல்லாருமே உங்களிடம் கொடுப்பது சரிபார்க்கும் வேலை. மேற்கோளை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். அரசுத் தரப்புச் சாட்சி 3 சொன்னது, வரைவில் பிரதிவாதித் தரப்புச் சாட்சி 3 ஆகியிருக்கும். தேதிகளை விரலால் தொட்டு எண்ணுங்கள். கடைசிப் பத்தியில் "மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது" என்று முடிந்தால், மேலே உள்ள காரணங்களும் அதே திசையில்தான் போகின்றனவா என்று ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இதை இருவராகச் செய்வது நல்லது. ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் மூலத்தைப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: வாயை மூடி வைத்திருப்பது

உங்கள் கல்லூரி நண்பர்களில் பாதிப் பேர் வக்கீல்களிடம் ஜூனியராக இருப்பார்கள். கேன்டீனில் டீ குடிக்கும்போது "மச்சான், நாளைக்கு எங்க மேட்டர் உங்க கோர்ட்லதான், கட்ட பாத்தியா?" என்று ஒருவன் கேட்பான். "பார்த்தேன்" என்பதே தவறான பதில். "பார்க்கலை" என்பதும் தவறுதான், ஏனென்றால் அடுத்த முறை நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் அதிலிருந்து அவன் கண்டுபிடித்துவிடுவான். "கேஸ் பத்திப் பேச மாட்டேன்டா" என்று முதல் நாளிலிருந்தே ஒரே பதில். இரண்டு மாதத்தில் கேட்பதை விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு நட்பு கசக்கும்.

வீட்டிலும் பேசக் கூடாது, வாட்ஸ்ஆப் குழுவில் கூடவே கூடாது. ஆட்டோவில் போகும்போது போனில் வழக்குப் பெயர் சொல்லாதீர்கள். டெல்லியில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. நீங்கள் முன்பு வேலை பார்த்த சீனியரின் வழக்கோ, உறவினரின் வழக்கோ கட்டில் வந்தால், திறப்பதற்கு முன்பே செயலரிடம் சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

எட்டாம் படி: பணமும் டெல்லி வாழ்க்கையும்

2025-26 அறிவிப்பின் 80,000 என்பது கேட்க நன்றாக இருக்கும். ஜங்புரா, லாஜ்பத் நகர் பக்கம் இருவராக வீடு எடுத்துத் தங்கினால் சமாளிக்கலாம், கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். கோர்ட் வாசலுக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் உண்டு, முன்பு பிரகதி மைதான் என்று இருந்ததுக்கு இப்போது சுப்ரீம் கோர்ட் என்றே பெயர். இட்லிக்கு ஏங்கினால் கரோல் பாக்.

பணத்தைவிட உடம்புதான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. மின்கோப்பு வந்தபின் நாள் முழுக்கத் திரை. இருநூறு பக்கத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவில்லை என்றால் ஆறாவது மாதம் கழுத்து சொல்லும்.

ஒன்பதாம் படி: கிளம்பும்போது

சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2025 மே 20-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான மூன்று நீதிபதி அமர்வு, சிவில் ஜட்ஜ் ஜூனியர் டிவிஷன் பதவிக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் அனுபவம் கட்டாயம் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே தீர்ப்பில், லா கிளார்க்காக வேலை பார்த்த காலமும் அந்த மூன்றாண்டில் சேரும் என்று சொல்லிவிட்டது. இதற்கு முன் பலரும் "ஒரு வருசம் வீணாப் போகுமே" என்று இந்த வேலையைத் தள்ளிவிட்டார்கள். இனி அந்தக் கவலை வேண்டாம்.

கிளம்பும் வாரத்தில், உங்கள் கையில் உள்ள வழக்குகளின் பட்டியலை அடுத்து வருபவருக்கு எழுதிக் கொடுங்கள். எந்த வழக்கில் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் குறிப்பு பாதியில் நிற்கிறது, எந்தப் பக்கம் வரை படித்தாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்த லேப்டாப்பில், மெயிலில், பென் டிரைவில் இருக்கும் வரைவுகளை அழித்துவிடுங்கள். நினைவுக்காக ஒன்று என்று எடுத்து வைக்காதீர்கள். திரும்ப வக்கீலாக நிற்கும்போது, உங்கள் நீதிபதி முன் ஆஜராவது பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அனுபவச் சான்றிதழை வாங்குங்கள். அதில் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, உங்கள் பெயரின் எழுத்து மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.